நான்காண்டு ஹானர்ஸ் பட்டம்: முதல் செமஸ்டரிலிருந்தே பார்க்க வேண்டிய கணக்கு

கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி. சேர்ந்தால் மூன்று ஆண்டில் பட்டம் கைக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில் அதுதான் வழக்கம். அங்கிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிக்குப் போனால், தேசியக் கல்விக் கொள்கைப்படி நான்காண்டு அமைப்பு. மூன்றாம் ஆண்டோடு சாதாரணப் பட்டம் வாங்கிக்கொண்டு விலகலாம். நான்காம் ஆண்டும் படித்தால் ஹானர்ஸ். அதிலும் இரண்டு வகை உண்டு: பாடங்கள் மட்டும் படித்து முடிக்கும் ஹானர்ஸ், ஆய்வேடு எழுதி முடிக்கும் ஆய்வு ஹானர்ஸ்.

நான்காம் ஆண்டைப் பற்றி ஐந்தாம் செமஸ்டர் முடியட்டும், யோசிக்கலாம் என்று இருப்பவர்கள்தான் ஆய்வு ஹானர்ஸைக் கோட்டை விடுகிறார்கள். அந்தக் கதவு அதற்கு முன்பே பாதி மூடியிருக்கும்.

160 கிரெடிட், ஆனால் எந்த வகையில்?

2022 டிசம்பரில் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு), ஹானர்ஸுக்கு 160. அந்த 160 இப்படிப் பிரிகிறது: மேஜர் (முதன்மைப் பாடம்) 80, மைனர் (துணைப் பாடம்) 32, பலதுறைப் பாடங்கள் 9, மொழித்திறன் பாடங்கள் 8, திறன் வளர்ப்புப் பாடங்கள் 9, சுற்றுச்சூழல் போன்ற பொதுப் பாடங்கள் 6 முதல் 8, இன்டர்ன்ஷிப் 2 முதல் 4, ஆய்வேடு 12. ஆய்வேடு எழுதாதவர்கள் அந்த 12-க்குப் பதிலாக மூன்று பாடங்கள் படிக்க வேண்டும். இவை யூஜிசி சொல்லும் குறைந்தபட்ச அளவு. உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் சேர்ந்த ஆண்டின் பல்கலைக்கழக ரெகுலேஷன். சீனியரிடம் இருக்கும் பழைய பி.டி.எஃப். உதவாது.

இங்கே வரும் சிக்கல் கிட்டத்தட்ட எல்லாத் துறையிலும் ஒன்றுதான். மொத்தம் சரியாக இருக்கும், ஒரு வகையில் மட்டும் பள்ளம் இருக்கும். திறன் வளர்ப்பில் கூடுதலாக மூன்று கிரெடிட் எடுத்திருந்தாலும் மைனரில் உள்ள குறையை அது அடைக்காது. அதனால் ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் ஒரு எக்செல் தாளில் வகைவாரியாக ஏற்றி வையுங்கள். குறை மூன்றாம் செமஸ்டரில் தெரிந்தால் அடுத்த செமஸ்டரில் ஒரு பாடம் சேர்த்து எடுத்துவிடலாம். ஏழாம் செமஸ்டரில் தெரிந்தால் அந்தப் பாடம் அப்போது நடத்தப்படுகிறதா என்பதே கேள்வி.

75 சதவீதம்

ஆய்வு ஹானர்ஸ் கேட்க முதல் ஆறு செமஸ்டரிலும் சேர்த்து 75 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் இதை மதிப்பெண்ணாகப் பார்க்கிறதா, சி.ஜி.பி.ஏ.வை (10-க்குக் கணக்கிடும் மொத்தச் சராசரிப் புள்ளி) மாற்றிப் பார்க்கிறதா என்பதைக் கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டு, எழுத்தில் உள்ள விதியையே பார்த்துக்கொள்ளுங்கள்.

7.5 சி.ஜி.பி.ஏ. தான் எல்லை என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டருக்கு 20 கிரெடிட் வீதம் ஆறு செமஸ்டருக்கு 120. 120-ஐ 7.5-ஆல் பெருக்கினால் 900 புள்ளி வேண்டும். நான்கு செமஸ்டர் முடிவில் ஒருவர் 7.2-இல் நிற்கிறார் என்றால் கையில் இருப்பது 576. மீதி 324-ஐ இரண்டு செமஸ்டரில், அதாவது 40 கிரெடிட்டில் எடுக்க வேண்டும். சராசரி 8.1. கஷ்டம்தான், முடியாததல்ல. அதே 7.2-இல் ஐந்து செமஸ்டரும் ஓடிவிட்டால் ஆறாவதில் 9.0 வேண்டும். சராசரியாக ஏ பிளஸ் (9 புள்ளி) வாங்கினால்தான் அது நடக்கும்.

இந்தக் கணக்கில் 4 கிரெடிட் பாடம் 2 கிரெடிட் பாடத்தைவிட இரட்டிப்பு எடை. சுலபமான சின்னப் பாடத்தில் 10 வாங்கிவிட்டு மேஜரில் 6 வாங்கினால் சராசரி மேலே வராது. முயற்சியை மேஜர் தாள்களில் போடுங்கள்.

வெளியிலிருந்து வரும் கிரெடிட்

மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் படிக்கும் பாடங்களுக்கும் கிரெடிட் உண்டு. அவற்றில் ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் திட்டத்தின் 12 வாரப் பாடம் வழக்கமாக 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1. வீடியோ பார்ப்பதற்கான சேர்க்கை இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும், இதை விடுபவர்கள் ஏராளம். என்பிடெல் சான்றிதழுக்கு அசைன்மென்டில் 25-க்கு 10, நேரில் எழுதும் தேர்வில் 75-க்கு 30 இரண்டும் வேண்டும், ஒன்றில் மட்டும் தேறினால் செல்லாது. பாடத்தில் சேரும் முன்பே ஹெச்.ஓ.டி.யிடம் (துறைத் தலைவர்) எந்த வகைக் கிரெடிட்டாக இது ஏறும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரம். 4 கிரெடிட்டுக்கு 120 மணி நேரம். சான்றிதழில் வெறுமனே ‘ஒரு மாதம் பயிற்சி பெற்றார்’ என்றிருந்தால் திருப்பி அனுப்பப்படலாம். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணி நேரம், நிறுவனத்தின் லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து எல்லாம் கடைசி நாளிலேயே வாங்கிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து சிப்காட் கேட்டில் போய் நின்றால், கையெழுத்துப் போட வேண்டியவர் வேலை மாறியிருப்பார்.

கிரெடிட் வங்கியில் பெயர்

டிஜிலாக்கர் வழியாக அபார் எனப்படும் 12 இலக்க மாணவர் எண் எடுத்து, வாங்கிய கிரெடிட்டைச் சேமிக்கும் தேசிய மின்னணுக் கணக்கான கிரெடிட் வங்கியில் எல்லாம் அந்த எண்ணில் ஏறும்படி செய்ய வேண்டும். நம் ஊர்ப் பிரச்சினை இனிஷியல். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் ‘கார்த்திக் எஸ்’, ஆதாரில் ‘எஸ் கார்த்திக்’ அல்லது அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் கிரெடிட் ஏறாமல் நிற்கக்கூடும். மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரை முதலாம் ஆண்டிலேயே திருத்திவிடுங்கள். பட்டச் சான்றிதழ் வாங்கும் நேரத்தில் இதற்கு ஈ-சேவை வரிசையில் நிற்பது வீண் அலைச்சல்.

ஆய்வேடு

முதலில் உங்கள் துறைக்கு ஆய்வு ஹானர்ஸ் நடத்தும் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். பிஎச்.டி. கைடாக (ஆய்வு நெறியாளர்) அங்கீகாரம் பெற்ற நிரந்தர ஆசிரியர்கள் இல்லாத துறையில் 80 சதவீதம் வைத்திருந்தும் பயனில்லை. வேறு கல்லூரிக்கு மாற வேண்டியிருந்தால் அதற்கும் நேரம் வேண்டும்.

கைடை ஆறாம் செமஸ்டரிலேயே பார்த்துப் பேசி, ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போது தலைப்பும் இரண்டு பக்க சினாப்சிஸும் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) தயாராக வைத்திருங்கள். தலைப்பு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ‘சங்க இலக்கியத்தில் கடல்’ ஓர் ஆண்டுக்குள் அடங்காது, ‘நற்றிணை நெய்தல் பாடல்களில் உப்பு வணிகம்’ அடங்கும். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தமிழ், வரலாறு, தாவரவியல் மூன்றுக்கும் சரக்கு உண்டு. கைடின் கடிதத்தோடு போங்கள்.

ஆய்வேட்டில் பிறர் எழுத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்பதை மென்பொருளில் சோதிப்பார்கள். யூஜிசியின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். மேற்கோள், நூற்பட்டியல் இந்தக் கணக்கில் வராது. தமிழில் எழுதுபவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் அந்த மென்பொருளால் அதைத் தமிழாகப் படிக்க முடியாது. கடைசி வாரத்தில் 80 பக்கத்தை யூனிகோடுக்கு மாற்றினால் ஒற்றும் கொம்பும் இடம் மாறி நிற்கும். முதல் வரியிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள்.

ஹானர்ஸ் முடித்ததும் கல்லூரி ஆசிரியர் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு முதுகலையில் 55 சதவீதமும், கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வுகளான நெட், செட் இவற்றில் ஒன்றோ பிஎச்.டி.யோ வேண்டும். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி போன்றோருக்கு இதில் 5 சதவீதத் தளர்வு உண்டு. குரூப் டூ, வங்கித் தேர்வு மட்டும் குறி என்றால் மூன்றாம் ஆண்டோடு 120 கிரெடிட் பட்டத்தை வாங்கிக்கொண்டு படிக்கப் போவதே நல்லது.