எச்ஐவியின் மரபணு வேறுபாட்டை ஆய்வகத்தில் படிப்பது எப்படி?

எச்ஐவி தொற்றியவரின் உடலில் இருப்பது ஒரே மாதிரியான வைரஸ் அல்ல. கிட்டத்தட்ட ஒத்த, ஆனால் முழுக்க ஒத்திராத வைரஸ்களின் கூட்டம். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதிக்குத் தன் பிழையைத் திருத்தத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நம் வேலை.

படி 1: மாதிரி
ரத்தத்தை உறையாமல் வைக்கும் ஈடிடிஏ குழாயில் எடுங்கள். இன்னொரு உறைவுத் தடுப்பியான ஹெப்பாரின் வேண்டாம், அது டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைச் சில மணி நேரத்துக்குள் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.

படி 2: ஆர்என்ஏவும் சிடிஎன்ஏவும்
ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். பிளாஸ்மாவிலிருந்து பிரித்த அன்றே அதைச் சிடிஎன்ஏவாக, அதாவது டிஎன்ஏ நகலாக, மாற்றிவிடுங்கள். வைரல் லோடையும், அதாவது பிளாஸ்மாவில் வைரஸ் ஆர்என்ஏ எவ்வளவு என்பதையும், குறித்துக்கொள்ளுங்கள். மில்லிலிட்டருக்கு 1,000 என்றால், ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 1,000 வைரஸ் ஆர்என்ஏ. வழியில் பாதிக்கு மேல் போய்விடலாம்.

படி 3: நீர்க்க வைத்தல்
புதிதாக வருபவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிவிடுவது இதைத்தான். சிடிஎன்ஏவை அப்படியே பிசிஆரில் போட்டால் ஜெல்லில் நிறைய பேண்ட் (டிஎன்ஏ பட்டை) வரும், மனசுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் பத்தே மூலப் பிரதிகள் உள்ளே போயிருந்தால், பிறகு லட்சம் முறை வாசித்தாலும் நீங்கள் பார்ப்பது அந்தப் பத்தைத்தான். போதாததற்கு, பிசிஆரின்போது இரண்டு பிரதிகள் பாதிப் பாதியாக ஒட்டிக்கொண்டு, நோயாளியின் உடலில் இல்லாத வைரஸ் ஒன்றையும் உருவாக்கிவிடும்.

அதனால் சிடிஎன்ஏவைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு அளவிலும் சில குழிகளில் நெஸ்டட் பிசிஆர் (அடுத்தடுத்து இரண்டு சுற்றாகச் செய்யும் பிசிஆர்) ஓட்டிப் பாருங்கள். 96 குழித் தட்டில் 29க்கு மேல் பாசிட்டிவ் வராத அளவே சரி. அப்போது பாசிட்டிவ் குழிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒற்றைப் பிரதியிலிருந்து வந்தவை என்று பாய்சான் என்ற நிகழ்தகவுக் கணக்கு சொல்கிறது.

நெஸ்டட் பிசிஆரில் கலப்படம் எளிது. கலவை தயாரிக்கும் இடமும் பிசிஆர் முடிந்த குழாயைத் திறக்கும் இடமும் வேறு வேறாக இருக்கட்டும். மாதிரியே சேர்க்காத நெகடிவ் கன்ட்ரோலில் பேண்ட் தெரிந்தால் முழுத் தட்டையும் தூக்கிப் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

படி 4: சாங்கர் சீக்வென்சிங்
பாசிட்டிவ் குழிகளின் டிஎன்ஏ எழுத்து வரிசையைச் சாங்கர் முறையில் வாசித்து, கிடைக்கும் வண்ண முகட்டு வரைபடத்தை (குரோமட்டோகிராம்) கண்ணால் பாருங்கள். ஒரே இடத்தில் பச்சை முகடும் கறுப்பு முகடும் ஒன்றன்மேல் ஒன்று நின்றால், அந்தக் குழியில் இரண்டு பிரதிகள் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை ஒதுக்குங்கள். ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் வாசிக்கும் அடுத்த தலைமுறை சீக்வென்சிங் செய்வதானால், சிடிஎன்ஏ உருவாக்கும்போதே ஒவ்வொரு பிரதிக்கும் தனி அடையாளத் தொடர் கொண்ட பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) பயன்படுத்துங்கள். அப்புறம் உண்மையில் எத்தனை பிரதிகள் என்று எண்ணிவிடலாம்.

படி 5: ஒப்பிடுதல்
கிடைத்த தொடர்களை (வாசித்த எழுத்து வரிசைகளை) எச்எக்ஸ்பி2 என்ற எச்ஐவி மேற்கோள் தொடரோடு வரிசைப்படுத்தி, பரிணாம மரம் வரையுங்கள். லாஸ் அலமோஸ் எச்ஐவி தரவுத்தளத்தில் துணைவகை மாதிரிகள் கிடைக்கும். ஒரு தொடரில் மட்டும் டிஎன்ஏ எழுத்தான ஜி பல இடங்களில் ஏயாக மாறிக் கிடந்தால், அது மனித உயிரணுவின் அபோபெக்3 புரதம் செய்த வேலை. தனியே குறித்து வையுங்கள். ஒருவரின் தொடர்கள் பெரும்பாலும் ஒரே கொத்தாகத்தான் விழும். ஏதாவது ஒன்று ஆய்வகத்தில் வளர்க்கும் வைரஸின் பக்கத்தில் போய் ஒட்டியிருந்தால், அது கலப்படமாக இருக்கலாம். உறைபெட்டியில் மிச்சமுள்ள பிளாஸ்மாவை எடுத்துப் படி 2இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.