அணாவைப் பைசாவாக்கும்போது எங்கே தவறுகிறோம்?

1957 ஏப்ரல் 1 அன்று இந்திய ரூபாய் 100 நயா (அதாவது புதிய) பைசா ஆனது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை. தாத்தா காலத்துக் கணக்கு நோட்டைப் புரட்டுகிறவர்கள் முதலில் சறுக்குவது அந்தக் கடைசி இலக்கத்தில்தான். ‘ரூ. 2-6-9’ என்று எழுதியிருந்தால் அந்த 9, பைசா அல்ல, பை. 12 பை சேர்ந்தால் ஓரணா. ஆக இது 2 ரூபாய் 6¾ அணா, புதுக்கணக்கில் ரூ. 2.42. இதைச் சிலர் 2 ரூபாய் 69 காசு என்றே படித்துவிடுகிறார்கள்!

அடுத்தது, ஓரணாவுக்கு 6 புதுப் பைசா என்று வைத்துப் பெருக்கிக்கொண்டே போவது. உண்மையில் ஓரணா 6.25. அரைப் பைசாவோ அதற்குக் குறைவோ வந்தால் விட்டுவிடு, கூடினால் முழுதாக்கு என்பது சட்டம் வகுத்த வழி. அதனால் இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்குச் சரியாக 25. ஓரணாச் சாமானைத் தனித்தனியாக நாலு தடவை வாங்கினால் 24 பைசா, சேர்த்து வாங்கினால் 25. பதினாறு தடவை வாங்கினால் 96தான். எனவே அணாவில் மொத்தம் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை மாற்றுங்கள். வரிக்கு வரி மாற்றினால் கூட்டுத்தொகை உதைக்கும்.

அணா அன்றோடு செத்துவிட்டது என்பதும் தப்பு. பழைய காசும் புதுக்காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின; 1958ஆம் ஆண்டு நோட்டில் இரண்டும் கலந்திருந்தால் எழுதியவரைக் குறை சொல்லாதீர்கள். சட்டத் திருத்தம் 1955இல் நிறைவேறியதால் அந்த ஆண்டையே மாற்றத்தின் ஆண்டாகப் போடுகிறவர்களும் உண்டு. ‘நயா’ என்ற அடைமொழி 1964 ஜூன் 1 முதல் போய்விட்டது.

ரூபாயின் மதிப்பு இதில் துளியும் மாறவில்லை. 1966 ஜூனில் நடந்த மதிப்புக் குறைப்பு வேறு சங்கதி.

விலையை ஒப்பிடுகிறவர்கள் எடையையும் பார்க்க வேண்டும். மெட்ரிக் எடை 1958 அக்டோபரில்தான் படிப்படியாக வரத் தொடங்கியது. 1957 நோட்டில் விலை நயா பைசாவில் இருக்கலாம், சரக்கு வீசைக் கணக்கில் இருக்கும். வீசை ஏறத்தாழ 1.4 கிலோ.