கைக்குழந்தையோடு வன்னியில் முதல் வருடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி, ஆவணி வந்துவிட்டால் வன்னியில் வான்காரருக்கு ஓய்வில்லை. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிரான்சிலிருந்தும் உறவுகள் வந்து இறங்குகிற காலம் அது. மாமாவுக்கு மூன்று கிழமைதான் லீவு. அதற்குள் மருமகனுக்குச் சோறு தீத்த வேண்டும், காது குத்த வேண்டும், மடுவுக்கு வைத்த நேர்த்தியை முடிக்க வேண்டும், நல்லூருக்கும் ஒருமுறை போய்வர வேண்டும். பாசத்தில் செய்கிற காரியங்கள்தான் எல்லாமே. ஆனால், பிள்ளையின் மாதக் கணக்கை விட்டுவிட்டுப் பெரியவர்களின் விமான டிக்கெட்டைப் பார்த்து நாள் குறிப்பதில்தான் முதல் வருடத்தின் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

சோறும் தேனும்

ஆறு மாதம் நிறையுமுன் சோறு தீத்துவதை முதலில் சொல்கிறேன். "இன்னும் ஆறு கிழமைதானே, மாமா நிற்கும்போதே செய்துவிடுவோம்" என்று நாலரை மாதப் பிள்ளையின் வாயில் பொங்கலை வைத்துவிடுகிறார்கள். அந்த வயதில் பல பிள்ளைகளுக்கு வாயில் வைப்பதை நாக்கு வெளியே தள்ளிவிடும். பிடிப்பில்லாமல் உட்காரவும் முடியாது. பிள்ளை துப்புவதைக் கண்டு, ருசி போதவில்லை என்று சர்க்கரையைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும் என்பதுதான் எங்கள் கிளினிக்குகளில் குடும்பநல மாது ஒவ்வொரு தாய்க்கும் சொல்லி அனுப்புவது.

இதற்காக அம்மம்மாக்களைக் கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, அடுத்த வேளைக்கு அரிசி இருக்குமா என்று தெரியாமல் பிள்ளை வளர்த்த தலைமுறை அது. கையில் இருக்கும்போதே ஊட்டிவிட வேண்டும் என்ற பதைப்பு அவர்களை விட்டு இன்னும் போகவில்லை. அவர்களோடு வாதாடுவதைவிட வேறு வழி பார்ப்பது நல்லது. மாமா நிற்கும்போது சடங்கு நடக்கட்டும். நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, பிள்ளையை மாமாவின் மடியில் இருத்திப் படம் எடுங்கள். சோற்றை மட்டும் வாயில் வைக்காதீர்கள். ஆறு மாதம் நிறைந்த பிறகு, நன்றாக மசித்த சோற்றில் தொடங்குங்கள். அன்றும் வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு விரல் ஊட்ட விடாதீர்கள். கை கழுவிய ஒருவர் ஊட்டினால் போதும். பொங்கலில் போட்ட முந்திரிப்பருப்பும் பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) பிள்ளையின் பங்கில் இருக்கவே கூடாது.

தேன் விடயத்தில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை. வன்னிக் காட்டுத் தேனுக்கு ஒரு பெருமை உண்டு. குழந்தை பார்க்க வருகிறவர்கள் அதைப் போத்தலில் கொண்டுவந்து, "கலப்பில்லாதது, நாக்கில் தொட்டு வையுங்கள்" என்பார்கள். கலப்படம் இங்கே பிரச்சினையே இல்லை. சுத்தமான தேனிலும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை வளர்வதில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கிவிடலாம். பிள்ளைக்கு ஒரு வயது நிறையும்வரை அந்தப் போத்தல் பெரியவர்களுக்கு மட்டும்.

ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்கு வெயில் காலத்தில் தண்ணீரும் இளநீரும் பருக்குவது இதே வகைத் தவறுதான். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 வீதம் நீர். கோடையில் பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் அடிக்கடி பால் கொடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியவர் தாய்.

பல்லுக்கொழுக்கட்டை

எங்கள் சடங்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதல் பல் முளைத்ததும், பல் வரிசை போலத் தேங்காய்ச் சொட்டு செருகிய கொழுக்கட்டை அவிப்பார்கள். பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலைக்கு மேலும் ஒரு துணியைப் பிடித்துக் கொழுக்கட்டையைச் சொரிவார்கள். முன்னால் புத்தகம், பேனா, நகை என்று பரப்பி வைத்து, பிள்ளை எதை எடுக்கிறது என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய கொழுக்கட்டை வெளியே ஆறினாலும், உள்ளே இருக்கிற பயறும் சர்க்கரையும் நெடுநேரம் சுடும். ஒன்றைப் பிட்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிறகே சொரியுங்கள். சொரிந்து முடிந்ததும் எல்லாரும் படத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். பிள்ளையோ மடியில் விழுந்த கொழுக்கட்டையிலிருந்து தேங்காய்ச் சொட்டைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். ஒரு பல்லால் அதை மெல்ல முடியாது, தொண்டையில் அடைக்கும். ஒருவர் அந்த நேரத்தில் பிள்ளையை விட்டு அசையக் கூடாது. பரப்பி வைக்கிற பொருள்களில் கத்தரிக்கோல், நாணயம், பட்டன் பற்றரி போட்ட விளையாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம்.

பல் ஆறாம் மாதமளவில் முளைக்கலாம், ஒரு வயதுக்குப் பிறகும் முளைக்கலாம். "இன்னும் பல் வரவில்லையா?" என்ற கேள்விக்காகப் பல் முரசைக் கீறிவிடுவதோ கடையில் மருந்து வாங்கிப் பூசுவதோ வேண்டாத வேலை.

ஒப்பிடும் பழக்கம்

கனடாவில் பிறம்டனில் இருக்கிற சித்தியின் பிள்ளை பத்து மாதத்தில் நடக்கிற வீடியோ வந்ததும், கிளிநொச்சியில் ஒரு தாய்க்கு நித்திரை போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்ட அளவுகளில், பிள்ளை தனியாக நடக்கத் தொடங்குகிற வயது 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய 18 மாதம் வரை நீள்கிறது. பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள். சில பிள்ளைகள் தவழாமலே எழுந்து நடந்துவிடும்; அதுவும் இயல்புதான். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்குக் கணக்கை, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை எட்டு மாதத்தில் செய்வதை, ஆறு மாதப் பிள்ளையோடுதான் ஒப்பிடலாம்.

ஒப்பிடாதே என்றால் கவனிக்காதே என்று பொருளல்ல. "தகப்பனும் பிந்தித்தான் நடந்தவர்" என்று சொல்லிச் சொல்லியே மாதங்களை வீணாக்குவதும் பெரிய தவறுதான். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டால், ஒன்பது மாதம் கடந்தும் பிடிப்பில்லாமல் இருக்காவிட்டால், 18 மாதத்தில் நடக்காவிட்டால், சத்தத்துக்குத் திரும்பாவிட்டால், முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டுவிட்டால் கிளினிக்கில் உடனே சொல்லுங்கள். கேட்டலிலோ தசையிலோ குறை இருந்தால், எவ்வளவு முந்திக் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

நடக்கப் பழக்கவென்று, பிள்ளையை உள்ளே இருத்தி உருட்டுகிற சில்லு வைத்த வோக்கரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவார்கள். கனடாவில் அதன் விற்பனையே 2004 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பிள்ளை அதில் தத்தித் தத்தி ஓடுமே தவிர நடக்கப் பழகாது. விறாந்தைப் படியிலிருந்து கவிழ்ந்துவிடவும் கூடும். எங்கள் மரத்தடி ஆசாரி செய்து தருகிற நடைவண்டி வேறு. எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளை அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும். உடம்பைத் தாங்குவது அதன் சொந்தக் கால்தான்.

பயணம்

வன்னியில் பெரும்பாலான குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் வாகனம். தகப்பன் ஓட்ட, தாய் பின்னால் இருக்க, நடுவில் பிள்ளை. கிரவல் வீதியில் ஒரு குழியில் ஏறி இறங்கினால் கழுத்து உறைக்காத குழந்தையின் தலை எப்படி ஆடும் என்று யோசித்துப் பாருங்கள். புழுதிக்கென்று முகத்தை மூடிவிடுகிறார்கள். தகப்பனின் முதுகுக்கும் தாயின் நெஞ்சுக்கும் இடையில் நசிந்து மூச்சு முட்டினாலும் அது வெளியே தெரியாது. தாயின் சேலைத் தலைப்பும் பிள்ளையைச் சுற்றிய துவாயும் சில்லில் சிக்குகிற ஆபத்து வேறு. பெற்றோல் தாங்கியின் மேல் பிள்ளையை இருத்திக்கொண்டு போவதைப் பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. அந்த வயதுத் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட்டே இல்லை. கிளினிக் நாளில் அயலில் இன்னொரு தாயோடு சேர்ந்து ஓட்டோ பிடித்தால் செலவு பாதியாகும். இந்த ஒரு செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வானில் போகும்போது முன் சீற்றில் பிள்ளையை மடியில் வைத்திருப்பது, காட்சி தெரியும் என்பதற்காகச் செய்கிற தவறு. திடீரென்று பிறேக் பிடித்தால் எவர் கையும் பிள்ளையைத் தாங்காது. பின் சீற்றில் இருங்கள். குழந்தை இருக்கை கொண்டுவரச் சொல்லக்கூடிய உறவு வெளிநாட்டில் இருந்தால், வோக்கருக்குப் பதிலாக அதைக் கேளுங்கள். ஏ9 வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும். காட்டு வீதிகளில் யானை நிற்கும். பிள்ளையோடு போகிற பயணத்தைப் பகலிலே முடித்துவிடுவது நல்லது.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் எவரும் போவதில்லை. வானுக்குள் கச்சான் பை கை மாறும்போது, நாலு வயது அண்ணன் பாசத்தோடு ஒரு பருப்பைத் தம்பியின் வாயில் வைத்துவிடுவான். கச்சான் மூச்சுக் குழாய்க்குள் போய்விட்டால் ஓடுகிற வானுக்குள் என்ன செய்ய முடியும்? கைக்குழந்தை இருக்கிற வானில் கச்சான் பை பெரியவர் ஒருவரின் கையில் இருக்கட்டும். அண்ணனுக்கும் முழுப் பருப்புக் கொடுக்கிற வயது இன்னும் வரவில்லை.

வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில் வருகிறது, வெயில் கொளுத்துகிற காலம். அந்தச் சனத்துக்குள் கம்பளித் தொப்பி, காலுறை, கையுறை போட்ட பிள்ளைகளைக் காண்கிறேன். காற்றுப் படக் கூடாது என்பது பெரியவர்களின் பயம். ஆனால், குழந்தையின் உடம்புச் சூடு தலைவழியாகவே பெருமளவு வெளியேறுகிறது. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம் என்று அறிந்துகொள்ளலாம். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலோ, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ பூசை முடியும்வரை காத்திருக்காதீர்கள். பம்பர்ஸ் கட்டிவிட்டால் சிறுநீர் போகிறதா என்பதே தெரியாமல் போகும் என்பதால் அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஆவணி 15 மடுத் திருவிழாவுக்குப் போய்க் காட்டுக்குள் கூடாரமடித்துத் தங்குகிறவர்கள், மரத்தில் ஏணை கட்டுமுன் கொப்பில் எறும்பும் குளவியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பகலிலும் நுளம்பு வலை போடுங்கள். ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு வேண்டிய தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக ரயில் வசதிப்பட்டால் அதையே தேர்ந்தெடுங்கள். 1990 இல் யுத்தத்தால் நின்றுபோன ரயில் 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்தது. நான் வளர்ந்த காலத்தில் எங்கள் தாய்மாருக்குக் கிடைக்காத வசதி இது. எழுந்து நடக்கலாம், பிள்ளையை மடியில் போட்டு ஆற அமரப் பால் கொடுக்கலாம். வெளியிடத்தில் பால் கொடுக்கக் கூச்சப்பட்டு, பயணத்துக்கென்றே போத்தல் பழக்குகிறார்கள். கழுவ வசதியில்லாத போத்தலால்தான் வயிற்றோட்டம் வருகிறது. ஒரு சால்வை இருந்தால் போதும்.

தடுப்பூசி நாளோடு பயணத்தைச் சேர்க்க வேண்டாம். 2, 4, 6 மாதங்களில் போடுகிற ஐங்கூட்டுத் தடுப்பூசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். பயணத்துக்காக ஊசியைத் தள்ளிப்போடுவது அதைவிடப் பெரிய தவறு. 9 மாதத்துச் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி போடுமுன் சனக் கூட்டத்துக்குள் கொண்டுபோகிற பிள்ளைக்குச் சின்னமுத்துக்கு எதிராகப் பாதுகாப்பு மிகக் குறைவு. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் கண்டால் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, நேரே வைத்தியசாலைதான். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். புறப்படுமுன், வழியில் எந்த வைத்தியசாலை கிட்ட என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவும் படமும்

முதல் சிரிப்பு, முதல் பல், முதல் அடி எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருக்கிறோம். வன்னியில் 2009 இறுதி யுத்தத்தில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் படங்களையும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. தன் குழந்தை முகத்தைக் காண ஒரு படம்கூட இல்லாமல் வளர்ந்தவர்களே இன்று தாய்தகப்பனாக இருக்கிறார்கள். கிளினிக் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். சான்றிதழின் பிரதி ஒன்று ஊரிலும் இன்னொன்று வெளிநாட்டு மாமாவிடமும் இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு படமாவது ஸ்டூடியோவில் கொடுத்துக் கடதாசியில் எடுத்து, பின்பக்கத்தில் திகதியையும் இடத்தையும் எழுதி, பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். அந்த மாதம் பிள்ளையின் நிறை எவ்வளவு என்பதையும் அதில் எழுதிவிடலாம்.