பல வருடம் நின்ற எம்35ஏ2 ராணுவ டிரக்: டீசல் எங்கே தடைபடுகிறது?

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பலரும் முதலில் கை வைப்பது, டீசலை அழுத்தி சிலிண்டர்களுக்கு அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்பில். அதைக் கடைசிக்கு வையுங்கள். கோளாறு பெரும்பாலும் டேங்குக்கும் பம்புக்கும் இடையில்தான் இருக்கும்.

சுவிட்சைத் தொடுமுன் இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பாருங்கள். பம்பில் உள்ள லிவர் முழுதாக நகர்ந்து, கேபிளைத் தள்ளியதும் திரும்ப வேண்டும். பழைய டீசல் பிசினாகி, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம் முழு டீசல் நிலையில் சிக்கியிருந்தால் இன்ஜின் வெறிபிடித்து ஓடும். சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. அதனால் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, காற்று வாயை அடைக்கத் தடித்த பலகையோடு ஒருவரை நிறுத்துங்கள். கையால் அடைக்கவே கூடாது.

அடுத்து டேங்க். அடி பிளக்கைத் திறந்து முதலில் வருவதைக் கண்ணாடி ஜாரில் பிடியுங்கள். அடியில் தண்ணீர், அதன்மேல் கருப்பு வழவழப்பு தெரிந்தால் டேங்கை இறக்கிக் கழுவியே ஆகவேண்டும். இல்லையென்றால் புது ஃபில்டர்களும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

சுவிட்சைப் போட்டதும் டேங்கினுள் இருக்கும் 24 வோல்ட் பம்பின் முனகல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கனெக்டரில் வோல்டேஜையும் எர்த்தையும் பாருங்கள். அந்தப் பம்ப் ஓடாவிட்டாலும் இன்ஜின் ஓடக்கூடும், ஏனென்றால் இன்ஜெக்‌ஷன் பம்போடு சேர்ந்த ஃபீட் பம்பே டீசலை உறிஞ்சிக்கொள்ளும். சிக்கலும் இங்கேதான். உறிஞ்சும் லைனில் ஓட்டை இருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். டேங்க் பம்ப் ஓடும்போது அதே ஓட்டையில் ஈரம் கசியும். ஆகவே டேங்க் பம்பைச் சரிசெய்து, எல்லா மூட்டுகளையும் துணியால் உலர்த்தி, பத்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். ஃபில்டர் கிண்ணத்தின் பழைய கேஸ்கெட் பள்ளத்திலேயே ஒட்டியிருக்க, அதன்மேலேயே புதியதை வைத்து முடுக்கியிருப்பது அடிக்கடி காணும் தவறு. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உரிந்து வழியை அடைத்திருக்கும், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை: 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து இன்ஜினுக்கு மேலே வைத்து, நிறமற்ற குழாய் வழியாக நேரே இன்ஜெக்‌ஷன் பம்புக்குக் கொடுங்கள். இன்ஜின் சீராக ஓடினால் இன்ஜெக்‌ஷன் பம்ப் நல்லது, குற்றம் டேங்க் பக்கம் இருக்கிறது.

ஏர் எடுக்கும்போது, அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, வரிசை முக்கியம். முதலில் மூன்று ஃபில்டர்கள், பிறகு இன்ஜெக்‌ஷன் பம்ப் வாய், கடைசியில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களின் நட்டுகள். நட்டை ஒரு சுற்று தளர்த்தி 15 நொடி செல்ஃப் அடித்து, ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும், விரல் வைக்காதீர்கள்.

செல்ஃப் சுற்றும்போது புகையே இல்லையா? டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் போகிறது, எரியவில்லை. ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறி டீசல் வாசனை அடித்தால் வண்டியை ஓட்டாதீர்கள். இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்ற வேண்டிய நேரம் அதுதான்.