அதே மூன்று கைகள் மட்டும் எழும் தமிழ் வகுப்பில் எல்லாரையும் பேசவைக்க

தொடக்கநிலை 3இல் தமிழ் வகுப்பு எடுக்கப் போகிறீர்களா? கேள்வி கேட்டால் எப்போதும் அதே மூன்று கைகள்தான் எழும். வீட்டில் ஆங்கிலமே புழங்கும் பிள்ளைகள் சிங்கப்பூரில் நிறைய. தமிழில் தப்பாகிவிடுமோ என்று வாயைத் திறக்கமாட்டார்கள். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் முதலில் காட்டுவது ‘யோசி, இணையோடு பேசு, வகுப்புக்குச் சொல்’ என்ற முறை. மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981இல் வகுத்தது.

முதலில் கேள்வி. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையில் ஒரு பாட்டி நிற்கும் படத்தைத் திரையில் போடுங்கள். “இது எந்த இடம்?” என்றால் ஒரே சொல்லில் முடிந்துவிடும். “பக்கத்திலேயே பேரங்காடி இருக்கும்போது பாட்டி ஏன் இங்கே வருகிறார்?” என்று கேளுங்கள்.

அடுத்தது சும்மா இருப்பது. ஆசிரியருக்கு இதுதான் கஷ்டம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீண்டனவாம். நம் பிள்ளைகளோ ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழுக்கு வரவேண்டும். அதனால் மனத்துக்குள் முப்பதுவரை எண்ணுங்கள். முதல் தடவை நான் பத்திலேயே பொறுக்கமுடியாமல் பதிலையும் நானே சொல்லிவிட்டேன்.

அப்புறம் இணை. மிக நன்றாகப் பேசும் பிள்ளையை மிகவும் தயங்கும் பிள்ளையோடு சேர்க்காதீர்கள். ஒருவரே பேசித் தீர்த்துவிடுவார். “சன்னல் பக்கம் இருப்பவர் முதலில், ஒரு நிமிடம். பிறகு மற்றவர்” என்று சொல்லிவிடுங்கள். பலகையில் “எனக்கு என்ன தோன்றுகிறது என்றால்…”, “ஏனென்றால்…” என்று இரண்டு தொடக்கம் எழுதிவைத்தால் தயங்கும் பிள்ளைக்குப் பிடிமானம். நடுவில் ஆங்கிலம் விழுந்தால் நிறுத்தவேண்டாம். “பாட்டி பார்கெய்ன் பண்ணுவாங்க” என்று காதில் விழுந்ததா? குறித்துக்கொண்டு, கடைசியில் ‘பேரம் பேசுவார்’ என்று பலகையில் எழுதுங்கள், போதும்.

வகுப்புக்குச் சொல்லும்போது கைதூக்கச் சொல்லாமல், பெயர் எழுதிய ஐஸ்கிரீம் குச்சிகளில் ஒன்றை எடுங்கள். “உன் நண்பர் என்ன சொன்னார்?” என்று கேளுங்கள். அடுத்தவர் கருத்தைச் சொல்லக் கூச்சம் குறைவு. இப்படிக் கேட்பீர்கள் என்று தெரிந்தால் நண்பர் பேசும்போது காதும் கொடுப்பார்கள். மூன்று நான்கு இணைகள் போதும்.

சத்தம் வரும், வரட்டும். நிறுத்த ஒரு கைதட்டல் முறையை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

ஒரு சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். ஒரே பாடவேளையில் இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் பாட்டியை விட்டுவிட்டு நேற்றுப் பார்த்த கார்ட்டூனுக்குப் போய்விடுகிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில்.