மாற்றிப் பூட்டிய ஒட்டோ கியர் பொக்ஸ் ஒழுங்காக மாறவில்லையா? இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பாவித்த கியர் பொக்ஸ் ஒன்றை வாங்கிப் பூட்டிய வாகனத்தை முதன்முறையாக வீதிக்கு எடுக்கும்போது, 'டி' போட்டவுடன் ஓட்டம் பிடிக்காமல் சில விநாடி தாமதித்து ஓர் இடியோடு பிடிப்பதும், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் வேளையில் வேகம் கூடாமல் என்ஜின் மட்டும் உறுமுவதும், நான்காவது கியர் விழாமலே போவதும் நாம் அடிக்கடி காணும் குறைகள். உடனே "பொக்ஸ் பழுது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்த வாகனங்களில் பெரும்பாலானவற்றின் குறை பொக்ஸுக்குள் இருக்கவில்லை. அதைச் சுற்றியுள்ள ஒயில், கேபிள், வயர், கியரைக் கட்டுப்படுத்தும் கணினி, ஒயில் குளிராக்கி ஆகியவற்றில்தான் இருந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் திருகோணமலையில் பலர் பழைய வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓடியவர்கள். அவர்கள் ஒரே பொக்ஸை வீணாக இரண்டு தடவை இறக்கிக் கூலி கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், பூட்டப்பட்டது உங்கள் வாகனத்துக்குரிய பொக்ஸ்தானா என்று உறுதிப்படுத்துங்கள். வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியாக இருக்கும் இரண்டு பொக்ஸ்களின் இறுதிப் பற்சக்கர விகிதம் வேறாக இருக்கலாம். சென்சர்களோ சொலனொயிட்களோ (மின்சாரத்தால் ஒயில் வழியைத் திறந்து மூடும் வால்வுகள்) வேறு வகையாகவும் இருக்கலாம். கதவுத் தூணிலோ என்ஜின் அறைச் சுவரிலோ உள்ள தகட்டின் குறியீட்டைப் பொக்ஸின் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது பொருந்தாவிட்டால் கீழே சொல்லப்படும் எதுவும் பயன் தராது.

அடுத்தது ஒயில். இதில் அவசரப்படுவதால் கெட்டுப்போகும் பொக்ஸ்கள் ஏராளம். ஒயில் ஊற்றி என்ஜினை இயக்கியவுடன் என்ஜினின் சுழற்சியை ஒயில் மூலம் பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கொன்வேர்டரும் குளிராக்கிக் குழாய்களும் அந்த ஒயிலை இழுத்து நிரம்பிக்கொள்வதால், நிறுத்தி வைத்துப் பார்த்த அளவு உண்மையான அளவாக இராது. டொயோட்டா வாகனங்களில் சமதரையில் நிறுத்தி, சிறிது தூரம் ஓடி ஒயில் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பின், என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி 'பி'க்குக் கொண்டுவந்து, டிப்ஸ்டிக்கில் 'ஹொட்' எல்லைக்குள் ஒயில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹொண்டா வாகனங்களில் என்ஜினை நிறுத்திய உடனேயே பார்ப்பது முறை. டிப்ஸ்டிக் இல்லாத பொக்ஸ்களில், கைநூல் கூறும் வெப்பநிலையில் என்ஜினை ஓடவிட்டு, சரிபார்க்கும் மூடியைத் திறந்து ஒயில் மெல்ல வழிகிறதா என்று பார்க்கிறார்கள். ஒயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். இரண்டு வழியிலும் அழுத்தம் தளர்ந்து கியர் வழுக்கும்.

அளவைப் போலவே வகையும் முக்கியம். '121' மாடல் கொரொல்லாவின் யு340ஈ பொக்ஸுக்கு டொயோட்டா குறித்திருப்பது டைப் ரி-4 ஒயில். கியர்ப் படிகள் இல்லாமல் பட்டையில் இயங்கும் சிவிடி பொக்ஸுக்குச் சாதாரண ஒட்டோ ஒயிலை ஊற்றினால் அதன் உலோகப் பட்டை சறுக்கிக் கோடு விழும். அதன் பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது. டிப்ஸ்டிக்கை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துக் கருகல் மணம் வீசினால் கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால்போலத் தெரிந்தால் ரேடியேற்றரின் உள்ளிருக்கும் குளிராக்கி வெடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த நிலையில் ஒரு கிலோமீற்றர்கூட ஓடாதீர்கள்.

பழைய பொக்ஸ் கிளட்ச் எரிந்து செயலிழந்திருந்தால் அதன் தூளும் உலோகத் துகளும் குளிராக்கியிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவாமல் புதிய பொக்ஸைப் பூட்டுவது பழைய நோயைப் புதிய உடம்புக்குள் ஏற்றுவதற்குச் சமம். முதல் நூறு கிலோமீற்றர் நன்றாக ஓடிய வாகனம் பின்னர் மெல்ல மெல்ல இடிக்கத் தொடங்கினால், துகள் 'வால்வு பொடி' எனப்படும், ஒயிலைப் பகிர்ந்து அனுப்பும் வால்வுத் தொகுதிக்குள் போய் ஒரு வால்வைப் பிடித்துக்கொண்டதோ என்று முதலில் சந்தேகியுங்கள்.

த்ரொட்டில் கேபிள் உள்ள பழைய வகைப் பொக்ஸ்களில் அந்தக் கேபிளைச் சரிபார்க்காமல் வாகனத்தை வீதியில் இறக்கவே கூடாது. எக்சிலேற்றரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை உள்ளே அறிவித்து ஒயில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது இந்தக் கேபிள்தான். தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து கியர்கள் முன்கூட்டியே வழுக்கலாக மாறும், கிளட்ச் விரைவில் எரிந்துவிடும். இறுகியிருந்தால் தாமதித்து இடியோடு மாறும். டொயோட்டாவில் எக்சிலேற்றரை முழுதாக மிதித்த நிலையில், வெளியுறையின் முனைக்கும் கேபிளில் உள்ள தடுப்பு மணிக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். உதவிக்கு ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணால் பார்த்தே சரிசெய்யலாம்.

லீவர் இணைப்பையும், லீவர் எந்த நிலையில் நிற்கிறது என்று அறிவிக்கும் நியூட்ரல் சுவிட்சையும் பார்க்கக் கருவி தேவையில்லை. 'பி'யிலும் 'என்'இலும் மட்டுமே என்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும். ரிவேர்ஸ் விளக்கு 'ஆர்'இல் மட்டுமே எரிய வேண்டும். மாறி எரிந்தால் சுவிட்ச் நகர்ந்து பூட்டப்பட்டிருக்கிறது.

நம் ஊருக்கே உரிய குறை வயரில்தான் இருக்கிறது. கடற்காற்றின் உப்பு பிளக்குகளுக்குள் புகுந்து பின்களில் களிம்பு ஏற்றிவிடும். உப்புவெளியில் கடற்கரையோரம் நிறுத்தப்படும் ஒரு கொரொல்லாவுக்கு வேறோர் இடத்தில் பொக்ஸ் மாற்றியிருந்தார்கள். நிற்கும் நிலையிலிருந்தே மூன்றாவது கியரில்தான் அது இழுபட்டுக் கிளம்பியது. சொந்தக்காரரான ஓய்வுபெற்ற ஆசிரியர், "தம்பி, பெட்டியைத் திரும்ப இறக்கத்தானே வேணும்?" என்று கவலையோடு கேட்டார். "பொறுங்கோ ஐயா, முதல்ல பிளக்கைப் பாப்பம்" என்றேன். சொலனொயிட் பிளக்கைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தபோது, இரண்டு பின்கள் பச்சையாகப் பூத்திருந்தன. மூன்றாவது பின் பூட்டும்போது பின்தள்ளப்பட்டு உள்ளே அமிழ்ந்திருந்தது. சுத்தம் செய்யும் ஸ்பிரேயை அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, அமிழ்ந்த பின்னை முன்னுக்கு இழுத்துப் பூட்டினேன். அன்று மாலையே நான்கு கியரும் விழுந்தன. ஐயாவின் முகத்தில் தெரிந்த ஆறுதலை நான் மறக்கவில்லை.

பொக்ஸுக்கான ஏர்த் வயரை மீண்டும் பூட்ட மறப்பதும் வழக்கமான தவறு. பற்றரியின் நெகட்டிவ் முனையிலும் பொக்ஸின் உடலிலும் மல்ற்றிமீற்றரை வைத்து ஸ்டார்ட்டரை அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் சரியில்லை. டொயோட்டாவின் திறந்து மூடும் வகை சொலனொயிட்கள் 20 பாகையில் 11 முதல் 15 ஓம் வரை காட்ட வேண்டும். நம் வெயிலில் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு.

இதன் பின்னரே ஸ்கேனர். பி0700 என்பது கியர்க் கணினி ஏதோ சொல்ல விரும்புகிறது என்ற அழைப்பு மட்டுமே. அதை அழித்துவிட்டு ஓடாமல், உள்ளே உள்ள குறியீட்டைப் படிக்க வேண்டும். பி0705 நியூட்ரல் சுவிட்சையும், பி0715 உள்வரும் வேக சென்சரையும், பி0720 வெளிச்செல்லும் வேக சென்சரையும், பி0750 முதல் சொலனொயிட்டையும் சுட்டும். முதல் கியருக்கான பி0731 தொடக்கம் நான்காவது கியருக்கான பி0734 வரையில் ஒன்று வந்தால், அந்தக் கியரில் கணக்கிட்ட விகிதம் கிடைக்கவில்லை என்று பொருள்: உள்ளே வழுக்குகிறது, அல்லது பொக்ஸும் கணினியும் ஒன்றுக்கொன்று உரியவை அல்ல.

குறியீடு எதுவும் இல்லாமல் மாற்றங்கள் மட்டும் முரடாக இருந்தால், கணினி பழைய பொக்ஸின் தேய்மானத்துக்கேற்பப் பழகி வைத்த அளவுகளையே இன்னும் பயன்படுத்துகிறது என்று கருதலாம். பற்றரியைக் கழற்றி மாட்டுவதால் பல வாகனங்களில் அந்த நினைவு அழிவதில்லை. அதற்குரிய ஸ்கேனரால் அழித்துவிட்டு, சூடான நிலையில் மென்மையாக மிதித்து எல்லாக் கியர்களிலும் ஏறி, முழுமையாக நிறுத்தி, மீண்டும் கிளம்பிப் பல தடவை பழக்க வேண்டும். இதற்கு நிலாவெளி வீதியின் நேரான, சமதளமான பகுதி மிகப் பொருத்தமானது. மேட்டில் ஏறும் சுமையில் சோதிக்க, நகரின் மேட்டுப் பகுதியான உவர்மலைக்குப் போகலாம். பிறகு ஏ6 வீதியில் கந்தளாய் வரை ஒருமுறை ஓடி, அங்கே நிறுத்தி ஒயிலின் அளவையும் மணத்தையும் மறுபடி பாருங்கள். குளிரில் நன்றாக மாறிச் சூட்டில் மட்டும் வழுக்கும் குறை இந்தப் பயணத்தில்தான் வெளிப்படும்.

இவ்வளவுக்குப் பிறகும் குறை இருந்தால் நேர இடைவெளியை அளந்து பாருங்கள். சூடான என்ஜின் மெதுவாக ஓட, கைப்பிரேக்கை இழுத்துக் காற்பிரேக்கை மிதித்தபடி 'என்'இலிருந்து 'டி'க்கு மாற்றினால், அசைவை உணரும் வரை 1.2 விநாடிக்குள்ளும், 'என்'இலிருந்து 'ஆர்'க்கு 1.5 விநாடிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது டொயோட்டாவின் அளவு. இரண்டும் தாமதித்தால் பொதுவான அழுத்தக் குறைவு. ஒயில் ஃபில்டரையும் பம்பையும் நினைக்க வேண்டும். ஒன்று மட்டும் தாமதித்தால் அந்த நிலைக்குரிய கிளட்ச் தேய்ந்திருக்கிறது. பிரேக்கில் நின்று முழுதாக மிதித்துப் பார்க்கும் ஸ்டோல் சோதனையை, வரலாறு தெரியாத பொக்ஸில் நான் செய்வதில்லை. செய்தே ஆக வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 5 விநாடியைத் தாண்டக் கூடாது.

கடைசியில் இறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், திரும்பப் பூட்டும்போது டோர்க் கொன்வேர்டரைச் சுழற்றிச் சுழற்றித் தள்ளுங்கள். அது படிப்படியாக உள்ளே இறங்கிப் பம்பின் பற்களில் அமர்வதைக் கையே உணரும். பொக்ஸையும் என்ஜினையும் நேராகப் பொருத்தி நிலைப்படுத்தும் இரண்டு குழல் ஊசிகளும் தம் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொக்ஸ் என்ஜினோடு கையாலேயே ஒட்ட வேண்டும். பொல்ட்டை முறுக்கி இழுத்தால்தான் ஒட்டுகிறது என்றால் கொன்வேர்டர் இன்னும் அமரவில்லை, பம்ப் நொறுங்கப் போகிறது, உடனே நிறுத்துங்கள். பொக்ஸை முழுதாகப் பூட்டிய பின், கொன்வேர்டரை என்ஜினோடு இணைக்கும் டிரைவ் பிளேட் பொல்ட்டுகளைப் போடுவதற்கு முன், கொன்வேர்டர் கையால் தாராளமாகச் சுழலவும் சில மில்லிமீற்றர் முன்னுக்கு வந்து பிளேட்டைத் தொடவும் வேண்டும்.