பழைய காருக்கு ஏசி: கேஸ் ஏற்றுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, நம் ஊரிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்கள் முதன்முதலில் வடிவமைக்கப்பட்டபோது, அவற்றில் ஏசி பொருத்தப்படும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. கதவின் முன்பக்கத்து முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் உள்ளே வரும் காற்றே அன்றைய ஏற்பாடு. சென்னையில் அக்கினி நட்சத்திர நாள்களில் அண்ணா சாலைச் சிக்னலில் நின்றவர்களுக்கு அந்தக் காற்று எப்படியிருக்கும் என்று தெரியும். ஆகவே பழைய காரை வாங்கிச் சீர்ப்படுத்துகிறவர்கள் ஏசி கேட்பதில் தவறில்லை. ஆனால் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது "கம்ப்ரசர் என்ன விலை?" என்பதாக இருக்கிறது. ரேடியேட்டர் எப்படியிருக்கிறது என்ற கேள்வியே முதலில் வர வேண்டியது. ஏசி என்பது எஞ்சினிடமிருந்து ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து குதிரைத்திறனை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரின் முகத்திலேயே வெப்பத்தைக் கொட்டும் ஒரு சாதனம். ஐம்பது குதிரைத்திறனுக்குச் சற்று முன்பின்னாக உள்ள எஞ்சினில் அதுவரை மறைந்திருந்த குறைகள் அனைத்தும் ஏசி போட்ட முதல் வாரத்திலேயே வெளியே வந்துவிடும்.

முதலில் எஞ்சின் சூடு

ஏசி வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பு நாங்கள் ஒரு சோதனை செய்கிறோம். நண்பகலில் காரை கிண்டியிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டிச் சென்று, திரும்பி வந்ததும் பானெட்டைத் திறக்காமல் இருபது நிமிடம் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, வெப்பமானியின் முள்ளைக் கவனிக்கிறோம். ஏசி இல்லாமலேயே முள் மேலே நகர்ந்துகொண்டிருந்தால், அந்தக் காருக்கு ஏசி பேச்சே அப்போதைக்கு வேண்டாம்.

சென்னையில் இந்தக் குறைக்கு முதல் காரணம் போர்வெல் தண்ணீர்தான். பல ஆண்டுகளாக உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ரேடியேட்டரின் குழாய்களுக்குள் வெள்ளைப் படிவம் கெட்டியாக அடைத்திருக்கும். மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய பட்டைக் கம்பியைச் செலுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். படிவம் மிகுந்து குழாய்கள் அரித்திருந்தால், பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள கோர் (குழாய்களும் துடுப்புகளும் சேர்ந்த பகுதி) மட்டும் ஒரு வரிசை கூடுதலாக உள்ள பித்தளைச் செம்பு வகைக்கு மாற்றுவதே நல்லது. அதன் பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து நிரப்ப வேண்டுமே தவிர, குழாயடியில் பிடித்த தண்ணீரை ஊற்றக் கூடாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அதை நான் ஆதரிப்பதில்லை. 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, வெப்பமானியோடு பார்த்தால் அது எப்போது திறக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர், விசிறிப் பெல்ட், வாட்டர் பம்பின் ஆட்டம் ஆகியவற்றையும் இப்போதே முடித்துவிட வேண்டும். விசிறியைச் சுற்றி ஒரு தகட்டு உறை இல்லாவிட்டால், அது ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பதற்குப் பதிலாகத் தன் ஓரங்களில் சுற்றிய காற்றையே மறுபடி சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு டின்கர் அரை நாளில் அந்த உறையைச் செய்துவிடுவார்.

மின்சாரக் கணக்கு

பழைய பிரிட்டிஷ் வழி வந்த கார்களில் இருந்த லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச உற்பத்தி 22 ஆம்பியர். ஐடிலில் அது ஏறத்தாழ ஒன்றுமே தராது. ஏசியில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு சேர்த்துவிடும் மின் கிளட்சு மட்டும் நான்கு ஆம்பியர் எடுக்கும். உள்ளே உள்ள புளோயர் பத்துக்கு மேல் போகும். ரேடியேட்டரின் முன்னால் நின்று கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் விசிறிக்கு இன்னும் எட்டோ பத்தோ வேண்டும். இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் பேட்டரி இறங்குவது உறுதி. ஆகவே 55 ஆம்பியருக்குக் குறையாத ஆல்டர்னேட்டரைப் பொருத்தியே தீர வேண்டும். பாசிட்டிவ் எர்த்தாக (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்ததாக) உள்ள காராக இருந்தால் முதலில் அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றிவிட்டே ஆல்டர்னேட்டரை இணைக்க வேண்டும். மறந்து இணைத்தால் உள்ளே உள்ள டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

துணி உறை இற்றுப்போன பழைய வயரிங்கில் ஏசியின் சுமையை ஏற்றுவது தீயை அழைப்பதற்குச் சமம். பேட்டரியிலிருந்து தனி வயர் எடுத்து, தனி ஃப்யூஸ் வைத்து, புளோயருக்கும் விசிறிக்கும் கிளட்சுக்கும் தனித்தனி ரிலே கொடுப்போம். டேஷ்போர்டில் உள்ள சுவிட்சு வழியாக ரிலேக்கான சிறு மின்னோட்டம் மட்டுமே போக வேண்டும்.

கம்ப்ரசரும் அதன் பிராக்கெட்டும்

பெரிய கம்ப்ரசர் போட்டால் அதிகக் குளிர் வரும் என்பது தவறான எண்ணம். சாண்டன் 508 வகை ஒரு சுற்றுக்கு 138 சிசி கொள்ளும். அம்பாசடருக்கு அது பொருந்தும். 1,089 சிசி எஞ்சின் கொண்ட பத்மினிக்கும் அதைவிடச் சிறிய ஹெரால்டுக்கும் அது பாரம். சிறிய ஹேட்ச்பேக் கார்களில் வரும் கம்ப்ரசரே அவற்றுக்குப் போதும். பழைய கார் உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். ஆனால் கையால் சுற்றிப் பார்த்து, எண்ணெயை வடித்து நிறம் பார்த்த பிறகே பழைய கம்ப்ரசருக்குப் பணம் கொடுக்க வேண்டும். வடித்த எண்ணெயில் அலுமினியப் பொடி மினுங்கினால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இந்த வேலை முழுவதிலும் அதிகக் கவனம் வேண்டிய இடம் பிராக்கெட்தான். ஆயத்தமாக எதுவும் கிடைக்காது; ஒவ்வொரு காருக்கும் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் தகட்டில் செய்ய வேண்டும். பிராக்கெட்டின் எல்லா போல்ட்டும் எஞ்சின் பிளாக்கிலேயே பிடிக்க வேண்டும். ஒரு காலை பிளாக்கிலும் மறுகாலைப் பாடியிலும் பிடித்தால், ரப்பர் மவுண்டில் ஆடும் எஞ்சினுக்கும் ஆடாத பாடிக்கும் இடையே அகப்பட்டு, பிராக்கெட் சில நூறு கிலோமீட்டரிலேயே வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். கிராங்க் புல்லியில் இரண்டாவது பள்ளம் இல்லாவிட்டால், லேத்தில் கூடுதல் புல்லியைக் கடைந்து, மையம் விலகாமல் பழைய புல்லியோடு சேர்க்க வேண்டும். இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நேரான இரும்பு அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர் விலகல் தெரிந்தாலும் நாங்கள் வாஷர் வைத்துச் சரிசெய்கிறோம். விலகலோடு ஓடும் பெல்ட் முதலில் கிறீச்சிடும். பிறகு ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேயும். ஒரு நாள் மேம்பாலத்தின் மேல் அறுந்துவிடும்.

கண்டென்சர், கூலிங் காயில்

கண்டென்சரைப் பொறுத்தவரை, ரேடியேட்டரின் முகத்தை மறைக்கும் அளவுக்குப் பெரிய பேரலல் ஃப்ளோ வகையை வாங்க வேண்டும். ரேடியேட்டரிலிருந்து விரலிடை அளவு தள்ளி, தனிப் பட்டைகளில் அதைத் தாங்க வேண்டும். ரேடியேட்டரின் துடுப்புகளுக்குள் பிளாஸ்டிக் கம்பி செருகிக் கட்டும் பழக்கம் ஓட்டையில்தான் முடியும். முன்னால் ஒரு மின்விசிறி கட்டாயம் தேவை.

உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் பெட்டி டேஷ்போர்டின் அடியில் தொங்கும். சென்னையின் ஈரக் காற்றில் அதிலிருந்து வடியும் தண்ணீர் கொஞ்சநஞ்சமன்று. வடிகுழாய் எங்கும் மடங்காமல், தொடர்ந்து கீழ்நோக்கிச் சரிந்து வெளியே செல்ல வேண்டும். இல்லையெனில் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கி, ஈராண்டில் தரைத் தகடே துருவாகிவிடும். ஹோஸ்களை உள்ளே கொண்டுவருவதற்குப் புதிய துளை போடாமல், ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்த முயல வேண்டும். இதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று. 2021-இல் வந்த மத்திய அரசின் விண்டேஜ் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கே விண்டேஜ் பதிவைத் தருகின்றன. போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்படி ஏசியைப் பொருத்துவது அந்த வகையிலும் பாதுகாப்பானது.

குளிர் வெளியேறும் வழிகள்

கதவின் ரப்பர் பீடிங்கை ஒரு செய்தித்தாள் துண்டை வைத்தே சோதிக்கலாம். துண்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இழுத்தால், அது தயங்கித் தயங்கி வர வேண்டும்; வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தால், அந்த இடத்தில் குளிர் தங்காது. ஒரு பழைய அம்பாசடரில் நான்கு கதவுகளையும் இவ்வாறு சோதித்தபோது, சாக்குக்கட்டியால் குறித்த இடங்கள் குறிக்காத இடங்களைவிட அதிகமாக இருந்தன. கிளட்சு, பிரேக் பெடல்களின் அடியிலும், ஸ்டியரிங் கம்பி நுழையும் இடத்திலும் உள்ள ரப்பர்களை மாற்றி, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தகட்டிலும் கூரையின் உள்பக்கத்திலும் வெப்பத் தடுப்பு விரிப்பை ஒட்ட வேண்டும். கறுப்பு ஃபிலிம் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம்; 2012-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது முதல் அபராதம் கட்டியவர்கள் பலர்.

கேஸ் ஏற்றுதல்

1980-களில் ஏசி பொருத்தப்பட்ட கார்களில் ஆர்-12 கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அது கைவிடப்பட்டதால், அத்தகைய அமைப்பை ஆர்-134ஏ-வுக்கு மாற்ற வேண்டும். பழைய மினரல் எண்ணெய் புதிய கேஸோடு கலந்து சுற்றாது. கம்ப்ரசர் எண்ணெயின்றி இறுகிவிடும். ஆகவே எல்லாக் குழாய்களையும் கழுவி, இணைப்புகளிலுள்ள ஓ-ரிங்குகளையும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, புதிய கேஸோடு கலக்கும் எஸ்டர் அல்லது பிஏஜி வகை எண்ணெய் ஊற்ற வேண்டும். கேஸின் எடை முன்பு இருந்ததில் எண்பது முதல் எண்பத்தைந்து விழுக்காடு போதும்.

பிஏஜி எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. இதை நான் ஒரு நவம்பர் மழையில் கற்றேன். ஒரு பத்மினியின் ஹோஸ்களை மூடாமல் இரவு முழுவதும் திறந்து வைத்துவிட்டு, மறுநாள் அவசரத்தில் பத்து நிமிடம் மட்டும் வேக்கம் போட்டு (உள்ளே உள்ள காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்து) கேஸ் ஏற்றினேன். கார் புறப்பட்டதும் அருமையான குளிர். இருபது நிமிடம் கழித்து வெறும் காற்று. அணைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் மறுபடி குளிர். உள்ளே இருந்த ஈரம், கூலிங் காயிலுக்குள் கேஸை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் பனிக்கட்டியாக உறைந்து அடைத்ததுதான் காரணம். டிரையரையும் எண்ணெயையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

இப்போது நாங்கள் பின்பற்றும் வரிசை இது: முதலில் நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ அளவுக்கு ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, கேஜின் முள் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கிறோம். கம்ப்ரசர் காற்றை வைத்து இதைச் செய்யக் கூடாது. அது ஈரத்தைக் கொண்டுவரும், மேலும் அழுத்தத்தில் ஆர்-134ஏ-வோடு காற்றுக் கலப்பது ஆபத்தானது. பிறகு வேக்கம் பம்பை 45 நிமிடம் ஓடவிட்டு, கேஜில் வெற்றிடம் 29 அங்குலத்தை (பாதரச அளவு) தாண்டிய பின் வால்வை மூடி, அரை மணி நேரம் முள்ளைக் கவனிக்கிறோம். அந்த அளவு வெற்றிடத்தில்தான் உள்ளே உள்ள நீர் நம் ஊர் வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும்.

கேஸை எடை பார்த்தே ஏற்ற வேண்டும். நாமே அமைத்த அமைப்பில் அளவு குறித்த ஸ்டிக்கர் இருக்காது என்பதால், 400 கிராமில் தொடங்கி ஐம்பது ஐம்பதாகக் கூட்டி, குளிர் மேலும் கூடாத இடத்தில் நிறுத்தி, அந்த எடையைப் பானெட்டின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவிட வேண்டும். 35 டிகிரி வெயிலில் எஞ்சின் 1,500 சுற்றில் ஓடும்போது, தாழ் அழுத்தம் 30 முதல் 40 பிஎஸ்ஐ, உயர் அழுத்தம் 210 முதல் 240 பிஎஸ்ஐ என்று இருந்தால் நிறைவு. ஐடிலில் உயர் அழுத்தம் 300-ஐத் தொட்டால், கேஸைக் குறைப்பதற்கு முன் கண்டென்சரின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முள் உடனே சரிந்தால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. விலை குறைவு என்று எரியக்கூடிய சமையல் எரிவாயு கலந்த கேஸை ஏற்ற முன்வருபவரிடமிருந்து காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவதே நல்லது. பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல், மீட்டெடுக்கும் கருவியில் பிடிக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

கம்ப்ரசரின் கிளட்சு பிடித்ததும் ஐடில் விழுந்து எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க, கார்புரேட்டரின் திராட்டிலைச் சற்றே தூக்கும் வேக்கம் ஆக்சுவேட்டரைப் பொருத்தி, ஏசி ஓடும்போது 900 சுற்று அளவில் நிற்கும்படி வைக்கிறோம். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே சென்றால், அதைத் தள்ளி வைத்து இடையே ஒரு தகட்டுத் தடுப்பும் கொடுக்க வேண்டும். இல்லையெனில் நெரிசலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, ஏசி போட்ட கார் நடுச்சாலையில் தள்ளப்படும் காராக மாறும். கார் 200 கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்குத் திரும்பி வர வேண்டும். புதிய பெல்ட் அதற்குள் சற்று நீண்டிருக்கும்; அதை இறுக்கும்போதே பிராக்கெட் போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதித்து, பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்புகிறோம். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் எந்த போல்ட் தளர்ந்தது என்று தேட வேண்டியிருக்காது.